கூட நிற்க ஆரு உண்டு?

கன்னியாகுமரி மாவட்டத்துப் புதுக்கடை சந்திப்பிலிருந்து பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரி போக வழி பல உண்டு. வடக்கே ஏறினால் குழித்துறை அரசு ஆஸ்பத்திரி, அதை ஒட்டி மார்த்தாண்டத்துத் தனியார் ஆஸ்பத்திரிகள். கிழக்கே கருங்கல் வழியாகப் போனால் நெய்யூர், இன்னும் தள்ளி ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ். கேஸ் கொஞ்சம் சிக்கல் என்று டாக்டர் இழுத்தால் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி. எந்தத் திசையில் போனாலும் அட்மிஷன் சீட்டு எழுதுகிற இடத்தில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: கூட நிற்க ஆரு உண்டு?

அம்மா உண்டு என்பார்கள். அம்மாவுக்கு முடியாவிட்டால் மாமியார், அவரும் இல்லையென்றால் அக்கா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி. பிள்ளைக்குத் தகப்பனாகப் போகிறவன் அந்த இடத்திலேயே பையும் பிளாஸ்க்குமாக நின்றுகொண்டிருப்பான். அவனை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவனும் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில்லை.

காலங்காலமாக இப்படித்தான் என்று தோன்றும். ஆனால் பேறுகாலத்தில் ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி தங்குகிற வழக்கத்துக்கு, அதைக் கடைப்பிடிக்கிறவர்கள் நினைக்கிற அளவுக்கு வயதில்லை. பேறே ஆஸ்பத்திரிக்கு வந்து அதிக காலம் ஆகிவிடவில்லை.

அந்த வழக்கம் எந்த மண்ணில் முளைத்தது என்று அறிய ஊரின் வரலாற்றைத் தொட வேண்டும். புதுக்கடை என்ற பெயர் அதில் ஏறியது வேறொரு காரணத்தால். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்று கேட்டவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உட்பட நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதுவரை இவ்வூர்க்காரர்களுக்கு சர்க்கார் என்றால் திருவனந்தபுரம்தான். ஆகவே இங்கே ஆஸ்பத்திரிப் பழக்கங்கள் முளைத்ததும் திருவிதாங்கூர் மண்ணில். கூட நிற்பவரை ‘பைஸ்டாண்டர்’ என்று சொல்லும் வழக்கம் விளவங்கோட்டுப் பக்கம் இன்றும் காதில் விழுவது, எல்லைக்கு அப்பால் போய்ப் படுத்தவர்கள் கொண்டுவந்த மிச்சம்.

ஆஸ்பத்திரிக்கு முந்தைய காலத்தில் எல்லாம் வீட்டுக்குள்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில், செலவும் பெண்வீட்டாருடையது. ஏழாம் மாதத்திலேயே பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மருத்துவச்சியும் பெண்ணின் அம்மையும் அனுபவம் உள்ள இன்னொரு கிழவியும் அறைக்குள் இருப்பார்கள். தீட்டுக் கணக்கின்படி ஆணுக்கு அங்கே வேலையில்லை. அவனுக்கென்று இருந்த ஒரே வேலை, நோவு கண்டதும் தென்னோலைச் சூட்டைக் கொளுத்திக்கொண்டு இருட்டில் நடந்து மருத்துவச்சியை அழைத்து வருவது. அந்த வேலையும் பெரும்பாலும் கணவனுக்கு வாய்ப்பதில்லை. பெண் தாய்வீட்டில் இருப்பதால் அவளுடைய அண்ணனோ அப்பாவோதான் சூட்டைத் தூக்குவார்கள். பிள்ளை பிறந்த தகவல் கணவன் வீட்டுக்கு ஆள் வழியாகப் போகும். வேது வெந்நீர்க் குளியலும் பேறுகால மருந்தும் ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, அவன் விருந்தாளியைப் போல வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புவான்.

இருட்டில் நடந்த கணவன்மாரின் கதை ஒன்று தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றையே திருப்பிவிட்டது. 1890களின் தொடக்கம், திண்டிவனம். மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா அமெரிக்காவிலிருந்து வந்து பெற்றோருடன் தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவரும் சாதி இந்து. மூவரின் மனைவியரும் பேறுகாலத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவை அழைத்துப் போகலாமே என்று ஐடா சொன்னபோது, ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். மருத்துவம் படிக்கும் எண்ணமே இல்லாதிருந்த ஐடா அதன்பிறகு படிக்கப் போனார், வேலூர் ஆஸ்பத்திரி பிறந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஐடாவோடு நிறுத்திவிடுகிறார்கள். கதவு வரை வந்த அந்த மூவரும் அக்கறையில்லாத ஆட்கள் அல்ல. மனைவி படுத்திருந்த அறையின் வாசலைத் தாண்ட அவர்களுக்கே அனுமதியில்லாதபோது, வேறொரு ஆணை எப்படி உள்ளே கூட்டிப் போவார்கள்?

சென்னையில் மேரி ஷார்லீப் முன்னின்று 1885இல் தொடங்கிய ஆஸ்பத்திரி இந்தத் தடைக்காகவே ‘சாதி, கோஷா (திரைமறைவுப்) பெண்களுக்கானது’ என்ற பெயரோடு திறக்கப்பட்டது. இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரிதான் அது. ஆணின் கண் படாத வார்டு என்ற உறுதி கிடைத்த பிறகே குடும்பங்கள் பெண்ணை அனுப்பத் துணிந்தன. மகப்பேறு வார்டில் ஆண் கூடாது என்ற விதியை மருத்துவமனை மக்கள்மேல் திணித்ததாக இன்று நினைக்கிறோம். உண்மையில் அது மக்கள் கேட்டு வாங்கிய நிபந்தனை.

புதுக்கடைக்குக் கிழக்கே நெய்யூரில் லண்டன் மிஷன் வைத்தியம் இதற்கெல்லாம் வெகு முன்பே தொடங்கிவிட்டது. ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் அங்கே வந்தார். உலகத்தின் மிகப் பழைய மருத்துவ மிஷன்களில் ஒன்று என்று நெய்யூரைச் சொல்வார்கள். 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன ஹோவர்ட் சாமர்வெல், மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி நெய்யூருக்கு வந்தார். ஒற்றை அறுவை மருத்துவராக ஸ்டீபன் பியூ திணறிக்கொண்டிருந்ததையும் வெளியே காத்துக் கிடந்த கூட்டத்தையும் பார்த்து லண்டன் உத்தியோகத்தை விட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்ட், பிறகு மறுபடி நெய்யூர். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் ஹாரி ஆண்ட்ரூஸ் 1890களில் ஒரு குளியலறையில் மருந்துப்பெட்டி வைத்துத் தொடங்கியது, பெர்சி டர்னர் வந்ததும் கேதரின் பூத் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 

இந்த மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளி தனியாக வருவதில்லை, குடும்பமே வரும். பானை, அரிசி, விறகு, பாய் எல்லாம் மாட்டுவண்டியில் ஏறும். யார் சமைத்ததை யார் தின்பது என்ற சாதிக் கணக்கு இருக்கும்வரை ஆஸ்பத்திரி பொது அடுக்களை நடத்துவது நடக்கிற காரியமா? ஆகவே வளாகத்துக்குள்ளேயே உறவுக்காரர்கள் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தார்கள். குளிப்பாட்டுவதும் துணி அலசுவதும் ராத்திரி விழித்திருந்து நர்ஸைக் கூப்பிடுவதும் அவர்கள் வேலையாயிற்று. நர்ஸ்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில் அந்த ஆஸ்பத்திரிகள் ஓடியது சம்பளமில்லாத இந்தப் படையால்தான். இன்றைக்கும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் நிலைமை அடியோடு மாறிவிட்டது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது.

திருவனந்தபுரத்திலோ, லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பிய மேரி புன்னன் லூக்கோஸ் 1916இல் தைக்காடு பெண்கள் ஆஸ்பத்திரியை ஏற்றார். பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போவது அன்று கதியற்றவர்கள் செய்கிற காரியம். அதைக் கௌரவமாக்கியதிலும், வயிற்றாட்டிகளின் பிள்ளைகளுக்கு முறையான பயிற்சி கொடுத்ததிலும் அவர் பங்கு பெரிது. 1938இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரலானார். 1950களில் மெடிக்கல் காலேஜை ஒட்டி எஸ்.ஏ.டி. வந்த பிறகு விளவங்கோட்டுப் பெண்களுக்கு அது பெரிய கோவில் மாதிரி ஆனது. மாநிலம் பிரிந்தும் அந்தப் பயணம் நிற்கவில்லை.

இதே நூற்றாண்டில் மேற்கு நாடுகளில் நடந்தது நேர்மாறு. அங்கே ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டது. சாப்பாடு, துணி, குளியல் எல்லாம் அவர்கள் பொறுப்பு என்றானதும் உறவுக்காரர் தேவையில்லாமல் போனார். கிருமிப் பயம் வேறு. அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் நிதியில் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் நடந்த மகப்பேறு வார்டு, பிரசவக் காய்ச்சலால் 1867இல் மூடப்பட்டது. 1871இல் அவர் வெளியிட்ட நூலில், வீட்டில் பெறுவதைவிட ஆஸ்பத்திரியில் பெறுவதுதான் ஆபத்து என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் வியன்னாவில் செம்மல்வைஸ் 1847இலேயே கண்டுபிடித்தபடி காய்ச்சலைச் சுமந்து வந்தவை பிணவறையிலிருந்து கழுவாமல் வந்த மருத்துவர்களின் கைகள். தண்டனை கிடைத்ததென்னவோ உறவுக்காரருக்கு.

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கணவன்மாருக்கென்றே காத்திருப்பு அறைகள் இருந்தன. சிகரெட் புகையும் பழைய பத்திரிகையுமாக அங்கேயே இரவு போகும். 1965இல் கலிஃபோர்னியாவின் ஆர்கேட்டா நகரில் ஒருவர் தன் கையை மனைவி கையோடு சங்கிலியால் பூட்டிக்கொண்டு பிரசவ அறைக்குள் போனார். போலீஸ் வந்தது. அதே ஆண்டு ராபர்ட் பிராட்லி என்ற மருத்துவர் கணவன் துணையோடு பேறு என்று புத்தகமே எழுதினார். 1982இல் பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ் மகன் வில்லியம் பிறக்கும்போது மனைவி அருகில் இருந்தது செய்தியாயிற்று. ஒரு தலைமுறைக்குள் அது சாதாரணமாகிவிட்டது.

இங்கே கதை வேறு. வார்டில் அம்மா இருந்தாள், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். ஆனால் லேபர் ரூம் கதவு அவளுக்கும் மூடியே இருந்தது. வீட்டில் பெற்றபோது பிடித்துக்கொள்ள இருந்த கை, ஆஸ்பத்திரியில் முக்கியமான அந்தச் சில மணி நேரத்தில் இல்லாமல் போனது. பேறுகாலத்தை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதில் தமிழ்நாடு இந்தியாவின் முன்னோடிகளில் ஒன்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பேறுகள் மருத்துவமனைகளில் நடந்தன. அந்தப் பெருமைக்குள் இந்த இழப்பும் ஒளிந்திருந்தது.

துணை இருந்தால் என்ன லாபம் என்று விஞ்ஞானம் கேட்க ஆரம்பித்தது 1980 வாக்கில். குவாதமாலாவில் கிளாஸ், கென்னல், சோசா ஆகியோர் செய்த ஆய்வில், பிரசவ வலியிலிருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அவள் நர்ஸும் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. முதுகைத் தடவிக்கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். சிக்கலில்லாத பேறுகளை ஒப்பிட்டபோது, துணையில்லாதவர்களுக்கு 19 மணி நேரத்துக்கும் மேல் நீண்ட வலி, துணை இருந்தவர்களுக்குச் சுமார் 9 மணி நேரத்தில் முடிந்திருந்தது. 2017இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 17 நாடுகளின் 26 ஆய்வுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்றது. நம்மூர்க் கிழவிகளிடம் கேட்டிருந்தால் இத்தனை செலவு ஆகியிருக்காது.

தமிழ்நாடு 2004இல் அரசு ஆஸ்பத்திரிகளின் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதித்தது. மத்திய அரசு 2016இல் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல் அனுப்பியது. துணை, பெண்ணாக இருக்க வேண்டும், முன்பே பிள்ளை பெற்றவளாக இருந்தால் நல்லது. தொற்றுநோய் கூடாது, சுத்தமான உடுப்பு வேண்டும், மருத்துவ வேலையில் தலையிடக்கூடாது. கடைசியில் ஒரு சலுகை: மறைவும் தனிமையும் காக்க வசதியுள்ள இடங்களில் கணவனையும் அனுமதிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2018இல், துணை யார் என்பதைப் பெண்ணே தேர்ந்தெடுக்கட்டும் என்று சொன்னது. நம் வழிகாட்டுதலில் அந்தத் தேர்வு கட்டடத்தின் கையில் இருக்கிறது.

அப்படியானால் ராத்திரியில் கணவன் என்ன செய்கிறான்? சும்மா இருப்பதில்லை. மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவது, ரத்தத்துக்கு ஆள் பிடிப்பது, சிசேரியன் என்று முடிவானால் ஒப்பு போடுவது, சூடு வெள்ளமும் சாயாவும் வாங்கிவருவது எல்லாம் அவன்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் உள்ளே வரக்கூடாது. போர்டிகோவில் துண்டை விரிப்பவர்களும் ஆட்டோவுக்குள் குறுகிக் கிடப்பவர்களும் கிரில் கேட்டுக்குப் பின்னாலிருந்து பெயர் கூப்பிடுவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களாவது ஊரில் இருப்பவர்கள். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீன்பிடியாளர்கள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள். வளைகுடாவில் வேலை செய்கிறவனுக்கு மகள் பிறந்த செய்தி ஒரு தலைமுறைக்கு முன் தந்தியாக வந்தது, இப்போது வீடியோ காலாக வருகிறது. ரப்பர் பால்வெட்டுக்காரன் விடியுமுன் மரத்தடியில் நிற்க வேண்டும்.

உள்ளே நிற்கிற அம்மாவுக்கும் இழப்பு உண்டு, அதை யாரும் கணக்கெழுதுவதில்லை. இந்தப் பக்கத்து அம்மாக்களில் அண்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. உடைத்த முந்திரிக்கும் தோல் எடுத்த பருப்புக்கும் எடைக்கணக்கில்தான் கூலி. மகளுக்குத் துணை நிற்கும் நாட்களுக்குக் காசு கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கி 2018இல் 18,000 ரூபாய் வரை வந்திருக்கிறது. 2011இல் தொடங்கிய மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் இலவசச் சாப்பாடு தருகிறது. இரண்டும் பெற்றவளுக்கு, அதில் தவறில்லை. கட்டிலுக்கடியில் படுக்கிறவள் வெளியே போய்த்தான் சாப்பிட வேண்டும்.

கணவன் இரவு தங்குவது இங்கே போராட்டத்தால் வரவில்லை, ரூம் வாடகையால் வந்தது. தனியார் ஆஸ்பத்திரிகள் பெருகியபோது தனி ரூம், கூடவே ஒரு சின்னக் கட்டில் என்ற ஏற்பாடும் பெருகியது. கதவு சாத்தக்கூடிய ரூமில் யார் படுத்தால் யாருக்கு என்ன? மாமியார்கள் முதலில் முணுமுணுத்திருப்பார்கள், பிறகு அவர்களுக்கே ராத்திரி வீட்டில் கால் நீட்டிப் படுப்பது வசதியாக இருந்தது. இதைக் கவனித்தால் தீட்டும் சம்பிரதாயமும் எவ்வளவு சீக்கிரம் இளகும் என்பது தெரியும். தாள்போடக் கதவு இருந்தால் போதும். அதே குடும்பம் அரசு வார்டுக்குப் போனால் கணவன் மறுபடி போர்டிகோவுக்குப் போய்விடுகிறான்.

ஆண் தங்குவதை எதிர்ப்பவர்களைப் பழமைவாதிகள் என்று தள்ளிவிடவும் முடியாது. பிரிட்டனில் பிரசவ அறைக்குள் துணைவர் நுழைந்து அரை நூற்றாண்டு ஆகிறது. பேற்றுக்குப் பிந்தைய வார்டில் இரவு தங்கலாமா என்பதில் மட்டும் அங்கே ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி விதி மாறுகிறது. ஒரே அறையில் நாலைந்து கட்டில்கள், நடுவில் துணித்திரை. தையல் போட்ட உடம்போடு, பிள்ளைக்குப் பால் கொடுக்கத் திணறிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, அடுத்த கட்டில்காரியின் புருஷன் குறட்டை விடுவது ஆறுதலாக இருக்குமா? என் புருஷன் வேண்டும், உன் புருஷன் வேண்டாம் என்பதுதான் அங்கேயும் சண்டை. குழித்துறையில் அந்தத் திரையாவது இருந்தால்தானே.

கொரோனா எல்லாருடைய விதியையும் கொஞ்ச காலம் ஒன்றாக்கியது. 2020 மார்ச்சில் நியூயார்க்கின் சில பெரிய ஆஸ்பத்திரிகள் துணைவர் யாரும் வரக்கூடாது என்று அறிவித்தன. எதிர்ப்பு கிளம்பி, அந்த மாதம் முடிவதற்குள் மாநில அரசே தலையிட்டு ஒருவரை அனுமதிக்கச் சொல்லிற்று. இங்கே தொற்று உறுதியான கர்ப்பிணிகள் தனி வார்டுகளில் அம்மா இல்லாமல் பெற்றார்கள். கூட நிற்பவரின் வேலைகளெல்லாம் கவச உடுப்புக்குள் வியர்த்துக்கொண்டிருந்த சிஸ்டர்கள் தலையில் விழுந்தன. எத்தனை வேலை அது என்று பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

2017 டிசம்பரில் தொடங்கிய லக்‌ஷ்யா திட்டம் அரசுப் பிரசவ அறைகளைத் தடுப்புகளோடு மாற்றிக் கட்டச் சொல்கிறது. வலி, பேறு, அதன்பின் ஓய்வு மூன்றும் ஒரே மறைவிடத்தில் நடக்கும் அமைப்பு அது. அப்படிக் கட்டிய இடத்தில் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலின் கடைசிச் சலுகை உயிர்பெறும், கணவன் உள்ளே வரலாம். கேரளம் தைக்காட்டில் ‘அம்மைக்கொரு கூட்டு’ என்று துணைக்குத் தனித் திட்டமே நடத்துகிறது. ஆனால் பேறு முடிந்த பிறகு அந்த மறைவிடத்தில் தாய்க்குக் கிடைப்பது சுமார் நான்கு மணி நேரம். அது முடிந்ததும் அவளைப் பொது வார்டுக்கு மாற்றுவார்கள். வரிசைக் கட்டில்கள் உள்ள அந்த வார்டில் இரவு நிற்க ஆண்களுக்கு அனுமதியில்லை. கணவன் பிளாஸ்க்கை மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்க வேண்டும்.